ரேங்க் கார்டு

கைலிக்குள் வைத்து மடிக்கிற அட்டை,
செல்லூரில் எந்தத் தறிவீட்டிலும் கிடைக்கும்.
அதில் கோடு போட்டு
சத்துணவு முட்டை வாசத்தோடு
என் மேசையில் வைத்துவிட்டு ஓடினார்கள்
இரண்டாம் வகுப்பு.

பெயர்: மிஸ்.
சுகந்தமணி என்று
ஒருநாளும் சொன்னதில்லை போல நான்.

தமிழ் நூறு. கணக்கு நூறு.
பாட்டு முப்பத்தைந்து, பாஸ்.
கோபத்துக்கு முதலில் தொண்ணூறு போட்டு
யாரோ எச்சில் தொட்டு அழித்து
அறுபதாக்கியிருக்கிறார்கள்.
அந்த இடத்தில் அட்டை நைந்து கிடக்கிறது.

வராத நாள் மூன்று.
எண்ணி வைத்திருக்கிறார்கள்,
பெரியாஸ்பத்திரியிலிருந்து தத்தனேரிக்கு
அப்பாவைக் கொண்டுபோன ஆடி மாதத்து மூன்று நாள்.
அதற்கடியில் குறிப்பு:
முன்ன மாதிரி சிரிக்க முயற்சி செய்யவும்.

கதவோரம் நாகூர்மீரான் நின்றான்.
“வீட்ல கையெழுத்து வாங்கி
நாளைக்குக் கொண்டாரணும் மிஸ்.
இல்லேன்னா வெளிய நிக்கணும்.”
நான் சொல்லுகிற அதே குரல், அதே விரல்.

“வீட்ல யாரும் இல்லடா.”

கொஞ்சநேரம் பின்பக்கத் தறி மட்டும் ஓடியது.
பிறகு என் சிவப்புப் பேனாவை எடுத்து
பெற்றோர் கையொப்பம் என்ற கோட்டில்
நாகூர் என்று போட்டான்;
மீரானுக்கு இடமில்லை.
அவன் பின்னால் தர்ஷிகா, ஒச்சப்பன்,
ரிப்பன் அவிழ்ந்த சௌபர்ணிகா.
மணி அடித்தும் வரிசை கலையவில்லை.
கோடு நிறைந்து, ஓரம் நிறைந்து,
அட்டையின் முதுகுக்குப் போயாயிற்று.

கடைசியில் எழிலரசி.
அவளுடைய ‘ழி’ இன்னும்
கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நின்றது.
மூக்கைத் துடைத்துக்கொண்டு
அடிச்சிட்டு மறுபடி போடு என்றேன்.
தமிழில் நூறு வாங்கியவள்
சும்மா விட முடியுமா?