கரியும் ரொட்டியும்

கைக்காகத்தான் போனேன்.
கப்பல் கட்டும் தளத்தில், பிப்ரவரியில்,
இரும்புக் கதவொன்று என் வலது கையைக் கவ்விவிட்டு
யோசித்துத் திறந்தது.
மூன்று விரல்கள் மடங்க மறுத்தன.
பந்தை அமுக்கு, அமுக்கு என்று சொல்லிச் சலித்த மருத்துவப் பெண்
ஒருநாள் சீட்டில் எழுதினாள்:
ஓவியம். செவ்வாய்தோறும். மாலை ஆறு மணி.
சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.

கிதினியாவில், மீன்கடைக்கு மேல்மாடி.
பன்னிரண்டு பேர், பன்னிரண்டு சாய்பலகை.
முதல் வாரம் பானை வரைந்தோம்.
இரண்டாம் வாரமும் பானை.
என் பானை ஒழுகும் என்று
பார்த்தாலே தெரிந்தது.

மூன்றாம் வாரம் வியெஸ்வாவா வந்தாள்.
பகலில் ட்ராலிபஸ் ஓட்டுகிறவள்.
கம்பளி அங்கியைக் கழற்றி மடித்து வைத்து
நாற்காலியில் உட்கார்ந்தாள்.
ஹீட்டர் அவள் இடப்பக்கம் சிவந்தது.
இடப்பக்கம் மார்பு இல்லை.
அக்குளிலிருந்து நெஞ்சின் நடுவரை
ஒரு கோடு.

நான் தோளை வரைந்தேன். கழுத்தை வரைந்தேன்.
முழங்காலில் நெடுநேரம் தங்கினேன்.
நாற்காலியின் நான்கு கால்களையும்
ஆணி உட்பட வரைந்தேன்.
கரிக்குச்சி அங்கே போகும் வழியில் மட்டும்
எதையோ மறந்துவிட்டவன்போல்
திரும்பித் திரும்பி வந்தது.

பிழையை ரொட்டியால் அழிக்கலாம் என்றார் ஆசிரியை உர்ஷுலா.
எங்கள் வீட்டில் ரொட்டி தரையில் விழுந்தால்
எடுத்து முத்தமிட்டுத்தான் வைப்போம்.
பிழை துடைக்கவா ரொட்டி?
பிய்த்துத் தின்றுவிட்டேன்.
பிழை அப்படியே இருந்தது.

இடைவேளையில் அங்கியைப் போர்த்திக்கொண்டு
தேநீரோடு பலகை பலகையாக வந்தாள்.
என்னிடம் நின்றாள்.
"நாற்காலி அருமை" என்றாள்.
ஒரு வாய் உறிஞ்சிவிட்டு,
"நான் இன்னும் வந்து சேரவில்லையோ?"

முப்பத்தோரு வருடம் வெல்டர் நான்.
இரண்டு தகடு சேர்ந்த தழும்பைத்
தடவிப் பார்த்தே தரம் சொல்வேன்.
புயலில் தகடு கிழியும், தழும்பு கிழியாது என்று
மதுக்கடையில் எத்தனை முறை அளந்திருக்கிறேன்.
வெளிச்சத்தை மட்டும்
கறுப்புக் கண்ணாடி வழியாகவே பார்த்துப் பழக்கம்.

வீட்டில் யாத்விகா
மூன்று குளிர்காலமாக விளக்கை அணைத்துவிட்டுத்தான்
உடை மாற்றுகிறாள்.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் இரவில்
அணைத்தது அவளா நானா
என்பது எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டாம் பாதி, நாற்பது நிமிடம்.
மடங்காத விரல்களுக்கிடையில் கரியைச் செருகி
அக்குளில் தொடங்கினேன்.
தொடக்கத்தில் தையல் நெருக்கம்.
நடுவில் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள்.
முடியும் இடத்தில் சிறு முடிச்சு, இன்னொரு தொப்புள்போல.
தோல் அங்கே வேறு விதமாக வெளிச்சம் வாங்குகிறது.
கண் எரிந்தது.
கரித்தூள் என்றேன் பக்கத்திலிருந்த தபால்காரரிடம்.
அவர் எதுவும் கேட்டிருக்கவில்லை.

வியெஸ்வாவா கடைசியில் வந்து பார்த்தாள்.
"கொஞ்சம் கோணல்.
என் டாக்டரும் இப்படித்தான்."

கை கழுவாமல் வீட்டுக்கு வந்தேன்.
கதவுப் பிடியில் ஐந்து விரல் கரி.
யாத்விகா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.
சுருளை வாங்கி மேசையில் விரித்து
ஒரு முனையில் உப்புக் குப்பி, மறுமுனையில் கத்தி வைத்தாள்.
தண்ணீர் கொதித்து வழிந்தது. அவள் எழவில்லை.
"இவளுக்குக் குளிராதா?"
"ஹீட்டர் இருந்தது."
"எந்தப் பக்கம்?"
"அந்தப் பக்கம்தான்."
தலையாட்டினாள்.

சாப்பிட்டோம்.
வலது கையில் கரண்டி பிடித்தேன்,
ஒரே ஒருமுறை நழுவியது.

படுக்கையறையில் அவள் விரல்
சுவிட்சுக்குப் போய் அங்கேயே நின்றது.
முதுகு எனக்கு.
"இருக்கட்டும்" என்றேன்.
யாரோ இருமியதுபோல் கேட்டது என் குரல்.
தெருமுனையில் கடைசி ட்ராலிபஸ் திரும்ப
கம்பியில் ஒரு நீலப் பொறி.
கண்ணாடி இல்லாமல் அதைப் பார்த்தேன்.
அவள் கை
இன்னும் சுவிட்சின் மேலேயே இருந்தது.