கழுவாத திராட்சை

மாரியில் எண்ணெய் வர்ணம் காயாது என்று
ஒருத்தரும் சொல்லவில்லை.
பதினொரு நாளாகியும்
இடப்பக்கப் பெடியனின் கன்னத்தில்
விரல் ஒட்டுகிறது.

ஸ்ரான்லி வீதியில், பிறேம் போடுகிற கடையில்
மூலைக்குள் கிடந்த படம்.
இரண்டு பெடியள், கிழிந்த சட்டை.
ஒருவன் திராட்சைக் குலையை உயரத் தூக்கி
அண்ணாந்து வாய்க்குள் இறக்குகிறான்.
மற்றவனின் கையில் வெள்ளரிப்பழம் போல ஏதோ,
வாய் நிறைய அடைந்தபடி
அவனைப் பார்க்கிறான்.
எந்த ஊர், எந்தக் காலம்
கீழே இருந்த எழுத்தைக் கறையான் தின்றுவிட்டது.

தாளில் பென்சிலால் நூற்றிருபது கட்டம்,
துணியிலும் நூற்றிருபது.
எழுபத்துமூன்றில் அரைக் காது,
எழுபத்துநாலில் மீதி.
இரண்டும் சந்திக்கவில்லை.

பகலில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
பதினாறு வருசமாய்ப் பிள்ளைகளைத்
தோல் தாண்டித்தான் பார்த்திருக்கிறேன்.
தாடை எங்கே மடியும்,
முளைக்காத பல் முரசுக்குள் எப்படிக் காத்திருக்கும்,
எல்லாம் தெரியும்.
தோல் தெரியாது.

நாடிக்குக் கீழே நிழலுக்குக் கறுப்பு வைத்தேன்.
பெடியனுக்குத் தாடி முளைத்தது.
சுரண்டிவிட்டு மண்ணிறம் வைத்தேன்,
அடிபட்ட காயம்.
லென்சைப் பிடித்து அரைமணித்தியாலம் பார்த்த பிறகுதான்
பச்சை என்று பிடிபட்டது.
பழுக்கத் தொடங்கின இதரை வாழைக்காயின் பச்சை.
மனிசத் தோலுக்குள் அது இருக்கிறது!
அடுத்த நாள் உரும்பிராய் பஸ்சில்
எல்லாருடைய கழுத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.
ஒரு மனிசி சீலைத் தலைப்பை இழுத்து மூடினா.

வாய்தான் வரவேயில்லை.
மூன்று தரம் துடைத்தாயிற்று.
வியாழக்கிழமை அனலைதீவிலிருந்து
பத்து ரூபாய்க் குற்றியை விழுங்கின ஒருவனைக் கொண்டுவந்தார்கள்.
மூச்சைப் பிடி ராசா, ஆடக்கூடாது என்றேன்.
கன்னம் இரண்டும் ஊதி, உதடு இறுகி
என்னையே பார்த்தான்.
பொத்தானை அமத்த மறந்துபோனேன்.
கன்னம் உதட்டுக்கு வருகிற இடத்தில்
கோடு இல்லை.
சூடான நிறம் ஒன்று குளிர்ந்ததற்குள் இறங்கிப்போகிறது,
கோடே இல்லை.
'அன்ரி, விடட்டோ?'
கண் கலங்கிவிட்டது பிள்ளைக்கு.
குற்றி மறுநாள் தானாய் வந்ததாம்.

அன்றிரவு கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தில் வாயை வைத்தேன்.
காலையில் பார்க்க ஒரு பக்கம் கூடச் சிவந்திருந்தது.
விட்டுவிட்டேன்.
கன்னத்தில் ஒட்டின நுளம்பை ஊசியால் எடுத்தேன்.
ஒரு கால் மட்டும் வரவில்லை.

பக்கத்து வீட்டு விதுர்சன்
விறாந்தைக் கட்டில் ஏறியிருந்து பார்த்தான்.
கழுவாமல் தின்னுறான், அது மருந்தடிச்சதெல்லோ என்றான்.
பிறகு,
அவன்ர கால் ஏன் அப்படி ஊத்தை?
இனித்தான் வைக்க வேணும் என்றேன்.
கடைசி வரிசைக் கட்டங்கள்,
உள்ளங்கால் அழுக்கு.
தாளில் அது வெறும் சாம்பல், மங்கிப்போயிருந்தது.

'இந்தாங்கோ' என்று தன் காலை நீட்டினான்.
தோட்டத்துச் செம்மண், விரலிடுக்கில் ஈரமாய்,
குதியில் வெடித்துக் காய்ந்து.
ஆடாமல் வைத்திரு என்றேன்.
எவ்வளவு நேரம் என்றான்.
பதில் சொல்லாமல் சிவப்பைப் பிதுக்கினேன்,
கொஞ்சம் மண்ணிறம், அந்தப் பச்சையில் ஒரு துளி.
நிமிர்ந்து பார்க்கையில்
ஓட்டு நுனியால் வடிந்த மழை
பெருவிரலைக் கழுவி முடித்து
குதிக்கு வந்துகொண்டிருந்தது.