நாற்பத்தொன்றாவது மேகம்

நவம்பர் கடைசி.
இனி ஜனவரி நடுவில்தான்
ட்ரோம்சோவுக்குச் சூரியன் திரும்பும்.
என் திரையில் மட்டும் வானம் நிறைய மேகம்:
முதியோர் இல்லத் தரைத்தளத்தின் மேல்
நாற்பத்து மூன்று.

எங்கள் தொழிலில் மேகம் என்றால்
யாருக்கோ ஏதோ பிடிக்கவில்லை.
அந்த இடத்தைச் சுற்றிச் சுருள்சுருளாக ஒரு கோடு,
பக்கத்தில் பெயர், நேரம், நாலு வார்த்தை.
தானாகப் பெய்து ஓயாது.
பதில் சொன்னால்தான் கலையும்.

ஆரஞ்சு மேகங்கள் தீ பாதுகாப்பு ஓட்வாருடையவை.
நீலம் பொறியாளர். பச்சை நகராட்சி.
கதவு பதினேழு, அகலம் போதாது. சரி.
தூண் ஜன்னலை மறைக்கிறது.
மறைக்கட்டும், கூரைப்பனியின் பாரம் அதன் மேல்தான்.
குளியலறையில் வெறும் கேள்விக்குறி ஒன்று,
யாரென்று பார்த்தால் நான்தான், மார்ச் மாதத்தில்.
எதைக் கேட்டேனோ.

நாற்பத்தொன்று சிவப்பு.
ரன்வைக், இரவுச் செவிலி.
நிறம் மாற்றத் தெரியாமல்
மென்பொருள் கொடுத்ததையே வைத்துக்கொண்டவள்.
அதிகாலை மூன்று ஐம்பத்திரண்டுக்கு
விரலால் வரைந்திருக்கிறாள்,
உருளைக்கிழங்கு போல ஒரு மேகம்,
அறைகளில் தொடங்கிச் சாப்பாட்டுக்கூடம் வழியே
வாசல் வரை.
"இறந்தவர்களை இப்படியா கொண்டுபோவது?
ஏழரைக்குக் காலை உணவு."

பின்னால் பாறை, பரப்பளவு முடிந்தது,
மாற்று வழி இல்லை என்று எழுதி
'தீர்ந்தது' பொத்தானை அழுத்தினேன்.
எனக்குப் பிடித்த பொத்தான்.
எதையும் தீர்க்காமலே தீர்க்கும்.
மேகம் சாம்பலாகி மறைந்தது.
வழி அங்கேயே இருந்தது.

மறுநாள் நாலு பத்துக்கு
மீண்டும் திறந்துவிட்டாள்.
"போன வருடம் பதினொரு பேர்.
ஒன்பது பேர் விடியலுக்குச் சற்று முன்.
வண்டி வர ஏழாகும், பனி கொட்டினால் எட்டு.
இப்போதுள்ள கட்டடத்தில் நாங்கள் இரண்டு பேர்
மேசைவிரிப்பைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம்.
போர்க்ஹில்ட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
சக்கரம் எத்தனை முறை கிறீச்சிடுகிறது என்று
எண்ணுவாள்.
சத்தமாக எண்ணுவாள்."

பதில் பெட்டியில் கர்சர் துடித்தது.
தங்கள் கருத்துக்கு நன்றி என்று தட்டி
அழித்தேன்.

சலவை அறைக்கும் பாறைக்கும் நடுவே
ஒரு கிடங்கு இருந்தது,
பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரமும்
உடைந்த சக்கர நாற்காலிகளும் வைக்க.
அதை எடுத்தேன்.
சுவரை அறுபது சென்டிமீட்டர் தள்ளினேன்,
சலவைக்காரர்களின் சாபம் எனக்கு.
கட்டில் அளவில் ஒரு செவ்வகம் செய்து
மவுஸால் மூலைமூலையாக ஓட்டிப் பார்த்தேன்.
இரண்டு முறை முட்டியது.
மூன்றாவது முறை போயிற்று.
அதில் யாரும் படுத்திருக்கவில்லை.
ஆனாலும் மெதுவாகத்தான் தள்ளினேன்.

அனுப்பிய இரவே வந்தது
இன்னொரு உருளைக்கிழங்கு, சின்னது,
புதுச் சுவரின் மேல்.
"இங்கே ஒரு ஜன்னல்."
யாருக்கு என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
"தள்ளுகிறவர்களுக்கு."

வெளியே பாறைதான் ரன்வைக்,
ஒன்றரை மீட்டர் தள்ளி, வேறொன்றும் தெரியாது.
"தெரியும். அதில் தண்ணீர் வழியும்.
டிசம்பரில் அப்படியே உறைந்து நிற்கும்."

காலையில் அதே ஜன்னலைச் சுற்றி
ஓட்வாரின் ஆரஞ்சு வந்துவிட்டது:
கண்ணாடி முப்பது நிமிடம் தீ தாங்க வேண்டும்,
திறக்கக் கூடாது,
செலவு யார் கணக்கில்?
என் கணக்கில் என்று எழுதிவிட்டு
அதை அழித்து
திட்டத்தின் கணக்கில் என்று எழுதினேன்.

நாற்பத்தொன்றை மட்டும் இன்னும் தீர்க்கவில்லை.
டார்ச்சும் ஆணிக் காலணியும்
காரில் எடுத்து வைத்திருக்கிறேன்.
அந்தப் பாறையில் தண்ணீர் வழிகிறதா என்று
ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு
வந்து அழுத்திக்கொள்ளலாம்.