மூணு கிலோ பொன்னி

சூரமங்கலத்து வாடகை வீட்டில்
தொட்டில் ஸ்பிரிங் மாட்டியாயிற்று.
என் பழைய சுங்குடிச் சேலைக்குள்
மூணு கிலோ பொன்னி அரிசியைக் கிடத்தி
தினம் சாயங்காலம் ஆட்டுகிறார் தனசீலன்.
கீழே உட்கார்ந்து அதன் போக்கிலேயே
தலையை ஆட்டுகிறது
லாரிப் பட்டறையில் பிறந்த போல்ட்டு.

கட்டிலில் ஏறக் கூடாதென்று
ஐந்தாம் மாதமே சொல்லிவிட்டோம்.
முன்கால் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு
இது ஏறின கணக்கில் வராது
என்பதுபோல் பார்க்கும்.

செல்போனில் குழந்தை அழுகிற சத்தம்.
முதல் நாள் போனைப் புரட்டித் தேடியது.
மறுநாள் தன் ரப்பர் பந்தைக் கொண்டுவந்து
அதன்மேல் வைத்தது.
ஒரு வாரமாய்த் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை,
ஜங்ஷனில் கூவும் ரயிலைப்போல.

செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய குட்டிக் கொலுசை
அதன் காதருகே குலுக்கினேன்.
தும்மியது.

"எங்காவது கொண்டுபோய் விட்டுடும்மா, எதுக்கு வம்பு"
மாடி வீட்டு ரேணுகா அக்கா சொன்னபோது
நான் வாயைத் திறக்கவில்லை.
பயம் எனக்கும் உண்டு.
அது தூங்கும்போது
உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்திருக்கிறேன்.

நேற்று டப்பாவில் அரிசி தீர்ந்துவிட்டது.
தொட்டிலுக்குள் கைவிட்டேன்.
போல்ட்டு எழுந்து வந்து
என் மணிக்கட்டைக் கவ்வியது,
பல் பதியாமல்,
கோழிமுட்டையைத் தூக்குவதுபோல.
பெயர் சொல்லி அதட்டியும்
விடவில்லை.

ராத்திரிக்குத் தட்டுவடை செட்
வாங்கி வந்தார் தனசீலன்.
சட்னி தடவாத ஒன்று போல்ட்டுக்கு.
சத்தம் வராமல் கடிக்கப் பார்த்தது.
மேலே அரிசி
தூங்கிக்கொண்டிருந்தது.