முப்பத்திரண்டாம் கட்டை

திறைசேரி நூற்றுக்கு ஐம்பத்தைந்து.
மாகாணம் இருபது.
மிச்சத்தை இரண்டு பிரதேச சபைகளும்
தலைக்கணக்கில் பிரிப்பதா குழாய்க்கணக்கில் பிரிப்பதா என்று
நாலு கூட்டம் நடந்தது.
நாலுக்கும் கூட்டறிக்கை எழுதியவள் நான்.

தலைக்கணக்கு என்றால் எங்களுக்கு லாபம்.
சண்டையில் போனவர்களும் கட்டாருக்குப் போனவர்களும்
தலையில் சேரமாட்டார்கள்.
குழாய்க்கணக்கு என்றால் அவர்களுக்கு லாபம்.
அவர்கள் பக்கம் மூன்று கிலோமீற்றர், எங்கள் பக்கம் பதினொன்று.
வடையும் பால்தேத்தண்ணியும் வந்தால்
ஒரு பத்து நிமிடம்
எல்லாரும் ஒரே சபை.

"ஒழுக்கு யாருடைய எல்லைக்குள்ள?"
பொறியியலாளர் நிஃமத்துல்லா கேட்டார்.
அம்பாறைக் கச்சேரியிலிருந்து வந்த வரைபடத்தை விரித்தார்கள்.
எல்லைக்கோடு சரியாக அந்த மூட்டின் மேலே ஓடியது.
பேனாக்கோட்டின் தடிப்பே
நிலத்தில் இருபது முழம் இருக்கும்.
அதை நான் அறிக்கையில் எழுதவில்லை.

முப்பத்திரண்டாம் கட்டையடியில்
இரவும் பகலும் ஒழுகிக் கிடந்தது அது.
யாரோ தகரத்தை வளைத்துப் பீலி வைத்தார்கள்.
யாரோ குடம் வைக்கச் செங்கல் அடுக்கினார்கள்.
பின்னேரம் ஐந்தரைக்கு
கூழாவடிச்சேனையிலிருந்து கோமளேஸ் வருவாள்,
சைக்கிளில் நாலு கேன்.
அந்தப் பக்கத்து றிபாயா
வரிசையில் நின்றபடியே பிள்ளைக்குத் தலை வாருவாள்.
வேலை முடிந்து போகும் காவல்காரர் சிறிவர்தன
போத்தலை நீட்டினால்
எவரும் முறை கேட்பதில்லை.

அங்கே பங்கு விகிதம் இதுதான்:
கைப்பிள்ளைக்காரிக்கு முதல்.
மறுகா கிணறு உவர்த்தவர்கள்.
அரச உத்தியோகத்தர் கடைசி.
என் கிணறும் உவர்தான்.
"மிஸ்ஸுக்கென்ன, கோப்பே கையில கிடக்கு" என்று
பின்னால் நிறுத்திவிடுவார்கள்.
நின்றேன்.

ஐந்தாம் கூட்டத்தில் முடிந்தது.
தலை பாதி, குழாய் பாதி.
ஒப்பந்தம் என் மேசைக்கு வந்தது,
தவிசாளரின் ஒப்பத்துக்காக.
முதல் வேலை: மூட்டு அடைத்தல்.
இரண்டு சபைகளும் சமபங்கு.
இரண்டாம் வேலை: கூழாவடிச்சேனைக்குக் கிளைக்குழாய்,
அடுத்த வருடம்,
திறைசேரிப் பணம் கிடைப்பின்.

கிடைப்பின்.
இருபத்தாறு வருட எழுத்துவேலையில்
இந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
இதற்குக் கீழே குடம் வைத்தால் நிறையாது.

கோப்பை எடுத்துப்
பழைய நாய்வரிப் படிவங்களுக்கடியில் வைத்தேன்.
கேட்டவர்களுக்கு "போயிருக்கு சேர்" என்றேன்.
பதினொரு நாள்.
பதினொரு பின்னேரமும்
என் முறை வரும்வரை
நிலத்தையே பார்த்து நின்றேன்.

பன்னிரண்டாம் நாள் திருகோணமலையிலிருந்து தொலைபேசி.
ஒப்பம் விழுந்தது.
அடுத்த கிழமை அடைத்தார்கள்.
நல்ல வேலை. ஒரு சொட்டு இல்லை.
தகரப் பீலியை எவரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

காய்ந்த செங்கல்லில் குந்தியிருந்தாள் கோமளேஸ்.
கேன் மூடியைத் திறப்பதும் பூட்டுவதுமாய்.
"அதில எத்தின வீதம் மிஸ் எங்கட?"
கோபமாய்க் கேட்கவில்லை,
பஸ் எத்தனை மணிக்கு என்பதுபோல.

வியாழன் ஆறாம் கூட்டம்.
"பிற விடயங்கள்" என்று
அறிக்கையின் கடைசியில் ஒரு தலைப்பு உண்டு,
எப்போதும் வெறுமையாய்.
அதன் கீழே
அவள் கேட்டதை எழுதியிருக்கிறேன்,
பெயரோடு.

இப்போதைக்குப் பென்சிலால்.