ஒன்பதாம் எண் வாளி

குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு
வாளியில் கண்ணுக்குத் தெரியாது.
வெயில் பட்டால் தெரியும்.
வட்ட வட்டமாய்ப் பூத்து உட்காரும்,
கறுப்பு வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

பதினான்காம் வீட்டு வஜீஹ் இன்ஜினியர்
தன் தாஹோவின் பானெட்டில் விரல் வைத்து
"ஏ தா?" என்றார்.
இது என்ன என்று அர்த்தம்.
அம்மைத் தழும்பு என்று அரபியில் சொல்ல
எனக்கு வராது.
அந்த மாதம் ஏழு தினாரில் இரண்டைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம்தான் படித்தேன், வண்டி வண்டியாக.

சால்மியாவில் ஆகஸ்ட் என்றால்
மூன்றரைக்கே எழ வேண்டும்.
முதலில் பானெட்டில் உள்ளங்கை வை.
இரவு ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் வந்த வண்டி
தோசைக்கல். அதைக் கடைசிக்குத் தள்ளு.
மணலைத் துணியால் தொடாதே, தண்ணீரால் தள்ளு.
கூரை, கண்ணாடி, பிறகு கதவு.
சக்கரத்துக்கு வேறு துணி, வேறு வாளி.
ஒரு கதவுக்குச் சோப்பு போட்டால்
அந்தக் கதவை முடித்துவிட்டு அடுத்ததைப் பார்.
வட்டமாய்த் தேய்க்காதே.
தேய்த்தவன் கையெழுத்து
பதினோரு மணி வெயிலில் ஊருக்கே தெரியும்.

இவ்வளவு செய்தும் புள்ளி வந்தது.

கட்டடத்தின் பின்சுவரில்
ஒன்பதாம் வீட்டு ஏசிக் குழாய் சொட்டுகிற இடத்தில்
சிமெண்ட் பாசி பிடித்துக் கிடந்தது.
ஒருநாள் வாளியை வைத்தேன்.
விடியும்போது விளிம்பு வரை தண்ணீர்,
காற்றில் பிழிந்தது,
கடலையும் நிலத்தையும் அறியாதது.
கடைசி அலசலுக்கு அதை ஊற்றினேன்.
துணி ஒரே இழுப்பில் போனது.
தாஹோவில் என் முகம் தெரிந்தது,
சவரம் செய்யாத முகம்.

ஒன்பதில் ரொமால்டோ. கோவாக்காரர். தனி ஆள்.
பதினெட்டு டிகிரியில் போர்வை போர்த்தித் தூங்குபவர்.
அவர் குளிரில்
பதினோரு வண்டிகள் பளபளத்தன.
அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

செப்டம்பரில் வாளி பாதியானது.
பிறகு நாலு விரல்.
ஒரு வெள்ளிக்கிழமை
அடியில் ஒரு பல்லி மட்டும், காய்ந்து.

மேலே போய்க் கதவைத் தட்டவில்லை.
வெள்ளை நிஸான் சன்னி அதே இடத்தில் நின்றது.
பத்து நாள் கழித்து வங்கியிலிருந்து இருவர் வந்து
"எப்போது போனான்?" என்றார்கள்.
தெரியாது என்றேன்.
வாளிக்குத் தெரியும். வாளியை யாரும் கேட்கவில்லை.

தூசி ஏறியது. யாரோ பின்கண்ணாடியில்
விரலால் ஒரு பெயர் எழுதிவிட்டுப் போனார்கள்.
வாளியை நகர்த்தி
வஜீஹ் வீட்டுக் குழாயடியில் வைத்தேன்.
அந்தத் தண்ணீரில் சனிதோறும் சன்னியைக் கழுவினேன்.
"பைசா யார் தருவான்?" என்றான் மொஃபிஸ்.
தூசி பக்கத்து வண்டிக்குப் பறக்கும் என்றேன்.
பாதி உண்மை.

நவம்பரில் ரிகவரி வண்டி வந்தது,
நான் கழுவித் துடைத்த அரை மணி நேரத்தில்.
கொக்கி மாட்டி முன்பக்கத்தைத் தூக்கினார்கள்.
சன்னி சாய்ந்தது.
பக்கக் கண்ணாடியின் இடுக்கில்
ஒளிந்திருந்த தண்ணீர்
கதவில் ஒரே கோடாய் இறங்கியது.

அதைக் கண்ணீர் என்று நான் சொல்லமாட்டேன்.
கண்ணாடி மூட்டைத் தட்டி, உதறி,
துணி முனையைத் திணித்துத் துடைக்க வேண்டும்.
மறந்துவிட்டேன்.

துணி தோளில்தான் கிடந்தது.
நாலு எட்டு ஓடினேன்.
வண்டி சிக்னலில் திரும்பிவிட்டது,
வெயில் வந்துவிட்டது,
கோடு இந்நேரம் காய்ந்திருக்கும்.