தவணை

வங்கியில் எனக்கு அடைவுப் பகுதி.
ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தாலிக்கொடி நிறுப்பேன்.
கல்லில் உரசி, அமிலம் தொட்டு,
இத்தனை பவுண், இத்தனை ரூபாய் என்று எழுதும்போது
கொண்டுவந்தவளின் கழுத்தைப் பார்ப்பதில்லை.
அது தொழில் மரியாதை.

என்னுடையது பக்கத்து வங்கியில் கிடக்கிறது.
சொந்தக் கிளையில் வைக்க வெட்கமாயிருந்தது.

லொறிக்காக வைத்தது.
முன்பணத்துக்குக் கொடி,
மிச்சத்துக்கு லீசிங்,
லீசிங்குக்குப் பிணை என் சம்பளச் சீட்டு.
தேடியதேட்டம், இருவருக்கும் பாதி என்றார்கள்.
கடனும் தேட்டம்தானா என்று
வட்டி போடத் தெரிந்த நான் கேட்கவில்லை.

சட்டத்தரணி இராசமலரின் அறை
நகல் எடுக்கும் கடைக்கு மேலே.
படியேறும்போது கீழே இயந்திரம்
யாருடையதோ ஒரு காணி உறுதியை
வெளிச்சம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்ப பிரிஞ்சனீங்கள்?"

சுகிர்தன் மணல் ஏற்றப் போய்
கிளிநொச்சியிலேயே தங்கத் தொடங்கிய ஆனியா?
அதற்கு முந்திய மாசியில்
இரண்டு பேருக்கு உலை வைத்து
ஒரு ஆளின் சோற்றை நாய்க்குப் போட்ட இரவா?
நாயைக் கேட்டால் திகதி சொல்லும்.

"ரெண்டு பேருக்கும் விருப்பமெண்டது காணாது.
ஒராள் பிழை செய்திருக்கோணும்.
விட்டிட்டுப் போனது ஆரெண்டு
பேசி முடிவெடுத்துக்கொண்டு வாங்கோ.
மற்றது, கொக்குவில் வீடு.
சீதனம்தான், உங்கட பேர்தான்,
ஆனா விக்கிறதெண்டால்
அவற்ற கையெழுத்து வேணும்.
இப்ப வழக்குப் போட்டால் கோபத்தில லொறி நிக்கும்,
லீசிங்காரன் உங்களிட்டத்தான் வருவான்.
எத்தினை தவணை இருக்கு?"

பதினொன்று.

அம்மாவுக்கு வேறு கணக்கு:
"துளசிகாவின்ர எழுத்து முடியட்டும் பிள்ளை.
மாப்பிள்ளை பகுதி இப்பதான் ஓமெண்டிருக்கு."

பஸ் நிலையத்துக்குப் பின்னாலுள்ள கூல்பாரில்
அவனைச் சந்தித்தேன்.
உடுப்புக்கடைப் பையொன்றில்
லொறிக் கடதாசிகளைக் கொண்டுவந்திருந்தான்.
பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் நான் கோடு கிழித்தேன்.
இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான்.
கல்யாணம் பேசிய அன்றும் இப்படி ஒரு தாள்.
அன்று எழுதியவர் பெரியப்பா.
நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு வீட்டில்
தகவலுக்குக் காத்திருந்தோம்.

பதினொரு தவணையும் அவன் கட்டுவான்.
பிறகு லொறி அவனுக்கு.
கொடியை அவனே மீட்டுத் தருவான்.
வீட்டுக் கையெழுத்து வழக்குக்கு முன்னமே,
நொத்தாரிசுக்கு முன்னால்.
அதுவரைக்கும் எனக்கு இருக்கிற பிணை அவனுடைய சொல்.
இப்படி ஒரு பிணையை வங்கியில் நாங்கள் எடுப்பதில்லை.

சர்பத் வந்தது. குடிக்காமலே சொன்னான்:
"நான் விட்டிட்டுப் போனதெண்டே எழுதட்டும்.
ஆம்பிளைக்கு அது பெரிசில்லை."
கொஞ்சம் பொறுத்து,
"ஆனா உமக்குத் தெரியும்தானே."

தெரியும்.
அவன் கிளிநொச்சிக்குப் போகமுன்
நான் வீட்டுக்குள்ளேயே எங்கேயோ போயிருந்தேன்.
அதற்குச் சட்டத்தில் சொல் இருக்கிறதா என்று
இராசமலரிடம் கேட்கவில்லை.
இருந்தால் வீடு போய்விடுமோ என்று பயம்.
இதையும் அந்தத் தாளில் எழுதியிருக்கலாம்,
என் பக்கத்தில்.

பத்தாம் திகதி தோறும் குறுஞ்செய்தி வருகிறது.
மூன்று கட்டியாயிற்று, எட்டு இருக்கிறது.
தீர்ப்பு வந்தாலும் முற்றாக அறுபட
இன்னும் மூன்று மாதமாம்.
எட்டும் மூன்றும் பதினொன்று.
இடையில் வழக்கு இழுக்கும் காலம்
இந்தக் கூட்டலில் இல்லை.
கோட்டிலும் அதைத் தவணை என்றுதான் சொல்கிறார்கள்.

இன்று ஒருத்தி கொடி மீட்க வந்தாள்.
காசை எண்ணி வைத்துவிட்டு, வீடுவரை பொறுக்காமல்
அங்கேயே போட்டுக்கொண்டாள்.
சுரை இறுகவில்லை.
"ஒருக்காப் பூட்டி விடுறீங்களே?"
கண்ணாடிக்குக் கீழுள்ள இடுக்கால் என் கை எட்டவில்லை.
எழுந்து, கதவைத் திறந்து,
அந்தப் பக்கம் போனேன்.